கடைவாய்க் கணக்கு

எழுதிக்கொள்ளும் ஓய்.
தேங்காப்பட்டணம் துறை, வேம்பன் ஆசாரி வாக்குமூலம்:
என் பலகை பொய் சொல்லவில்லை.

ஔக்கர் நாகுதா மாசியும் சோழியும் ஏற்றிக்கொண்டு
நம் துறைக்கு வரவேண்டியவர்,
விழிஞத்தில் போய் நின்றார்.
அங்கே பத்தில் ஒன்று சுங்கத்தில் போயிற்று.
அதை ஆசாரி தரட்டும் என்கிறார்.
தரலாம். முதலில் பலகையைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஈட்டி வைரம். உள்ளங்கைக்குள் அடங்கும்.
நடுவில் துளை, பழுக்கக் காய்ச்சிய ஊசி போட்டது.
நூல் கற்றாழை நார், மூன்று புரி.
ஏழு இரவு உப்புநீரில் கிடந்து
ஏழு பகல் கருங்கல்லைச் சுமந்த நூல்.
இனி நீள அதற்கு மனசு வராது.
நூல் நீண்டால் ஊர் நகரும்.
எனக்குத் தெரியாதா?

முடிச்சு ஒவ்வொன்றும் ஒரு துறை.
பலகையை ஒட்டி வருவது கொல்லம்,
அப்புறம் விழிஞம், அப்புறம் நாம்,
கடைசியில் குமரி.
நமக்கும் விழிஞத்துக்கும் நடுவே
ஒரு பெருவிரல் நூல்.
இந்தப் பெருவிரலைத் தனியாக எழுதி வையும்,
பின்னால் வேண்டியிருக்கும்.

கரையில் நின்று முடிச்சுப் போட முடியாது.
வடக்கே பார்த்தால் தென்னை துருவனைத் தின்றுவிடும்.
பங்குனி அமாவாசைக்குச் சாத்தன் கட்டுமரத்தில் ஏறி
கரை ஒரு கறுப்பு இழையாகும் வரை போவேன்.
துருவன் அசையாதவன் என்பது கல்யாணப் பேச்சு.
கடலில் அவன் செக்குமாடு,
சின்ன வட்டம், விடியவிடியச் சுற்று.
அத்தத்தின் ஐந்து மீனும் தெற்கே நேராக ஏறி நிற்கையில்
அவன் வட்டத்தின் அடிக்கு வருவான்.
அந்த அரை நாழிகைக்குத்தான் அவ்வளவு தண்டு வலிப்பும்.

பலகையின் கீழ்விளிம்பில் கடல்,
மேல்விளிம்பில் துருவன்,
நூல் முன்பல்லில்.
கடித்த இடம் முடிச்சு.
மரம் ஆடும். ஏழு தடவை கடித்தால் ஏழு இடம் விழும்.
இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று தள்ளி
நடுவில் நிற்பதை எடுப்பேன்.
சாத்தன் அதற்குள் தூங்கியிருப்பான்.

மாலத்தீவில் துருவன் அடிக்கு வந்தால்
கடலில் முகம் கழுவுவான்.
வடக்கே ஏற ஏற அவனும் ஏறுவான்.
நம் முடிச்சைக் கடித்துப் பார்,
மேல்விளிம்பைத் தொட்டானா, கிழக்கே திருப்பு.
நாகுதாவுக்குச் சொன்னது இவ்வளவே.
ஒன்பது சித்திரை இதே நூலில் வந்து
நம் ஆற்றுவாயில் நங்கூரம் போட்டவர்தான்.

இப்போது அவர் வாயைத் திறக்கட்டும்.

நன்றாக. விளக்கைக் கொண்டா.
மேல்வரிசையில் முன்பல் இரண்டும் எங்கே?
பாய்க்கட்டை அடித்ததோ, மாலத்தீவில் யாரும் அடித்ததோ,
அது வேறு வழக்கு.
முன்னால் பிடி இல்லை,
நூலை உள்ளே தள்ளிக் கடைவாயில் கடித்திருக்கிறார்.
முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் எத்தனை தூரம்?
உம் வாயிலேயே அளந்து பாரும் ஓய்.
பெருவிரல்!
அந்தப் பெருவிரலளவு பலகை கண்ணுக்குக் கிட்டே வந்தது,
கிட்டே வந்த பலகை பெரிதாயிற்று,
பெரிதான பலகையைத் தொட
துருவன் இன்னும் ஏற வேண்டியிருந்தது.
அவனை ஏற்ற இவர் வடக்கே ஓடினார்.
பலகை சரியாகத்தான் சொன்னது,
விழிஞத்தை.

சுங்கப் பணம் தரமாட்டேன்.
பல் கட்டவும் எனக்குத் தெரியாது.
கடைவாய்க்கு வேறு நூல் முடிந்து தருகிறேன்,
வரும் பங்குனிக்கு, அவரும் மரத்தில் கூட வரட்டும்.
கூலி உண்டு.

இத்தோடு ஓலையை நிறுத்தும்.

எழுத்தாணியைக் கீழே வையும்,
வைத்தீரா?
இந்தத் துறையில் இருபத்திரண்டு கப்பல்
என் முன்பல் அளவில் ஓடுகிறது.
தை மாசம் முதல்
அதில் ஒன்று ஆடுகிறது.